டிராக்டர் ரேக் வாங்கப் போறீங்களா? முதல்ல தோப்புக்குள்ள ஒரு நடை நடந்துட்டு வாங்க!

"அண்ணா, நிறுத்துங்கண்ணா! டியூபு வருது... டியூபு வருதுங்கண்ணா!"

மூன்றாவது வரிசையில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டேன். டிராக்டரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், ரேக்கின் பல்லில் சொட்டுநீர் டியூப் மாட்டி, கருஞ்சாரை மாதிரி நாலு மரத் தூரத்துக்கு நெளிந்து இழுபட்டுக் கிடக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்த நேரம். டிரிப்பர் பிய்ந்த ஓட்டைகளில் எல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. மோட்டாரை அணைக்கப் பையனை ஓடவிட்டு, ரேக் வந்த தடத்தில் குனிந்து பார்த்தேன். டியூப் போனதைவிட அங்கே கண்டதுதான் வயிற்றைக் கலக்கியது. மண் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கீறப்பட்டிருந்தது. அந்தக் கீறல் நெடுக, பென்சில் கனத்தில் செம்பழுப்பு வேர்கள். அவற்றின் பக்கத்திலிருந்து கிளம்பிய மெல்லிய வேர்கள் நுனி வெளுத்துப் பிய்ந்து தொங்கின. மரம் உரமும் நீரும் உறிஞ்சுவது அந்த நுனியில்தான்.

ஆனைமலைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. மட்டை பொறுக்க ஆள் கிடைக்காத ஒரு வருடத்தில், பழைய ரேக் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு வாங்கிவந்தேன். ஏழடி அகலம். கெட்டியான இரும்பு. "எந்தத் தோப்புக்கும் ஆகுமுங்க" என்றார் விற்றவர். நானும் அகலத்தைக் கேட்டேன், விலையைக் கேட்டேன், அவ்வளவுதான். பல் எப்படி, சக்கரம் உண்டா, என் டிராக்டருக்குத் தோதா என்று எதையும் கேட்கவில்லை. நான் கேட்கத் தவறிய கேள்விகள்தான் இந்தக் கட்டுரை.

ஒரு நாளைக்கு ஒன்பது மட்டை

ரேக்கைப் பற்றிப் பேசும் முன் குப்பையைக் கணக்குப் போடுவோம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 தென்னை. நன்றாக இருக்கும் மரம் மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் வருடத்தில் 12 மட்டையை உதிர்க்கும். அப்படியானால் ஏக்கருக்கு 840. எங்கள் நாலு ஏக்கருக்கு 3,360. ஒரு நாளைக்கு ஒன்பது மட்டை விழுகிறது. ஒவ்வொன்றும் 15 அடிக்குக் குறையாத நீளம். இது மட்டை மட்டும்தான். பாளை, பன்னாடை, குரும்பை, வெட்டுக்குப் பின் சிதறும் கொத்துக்காம்பு எல்லாம் தனிக்கணக்கு.

ஆள் வைத்துப் பொறுக்கலாம். நான்கைந்து பேர் கிடைத்தால் இன்றைக்கும் அதைவிட நல்ல வேலை வேறில்லை. மனிதக் கை டியூபைப் பார்க்கும், வேரைப் பார்க்கும், மட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் காயையும் பார்க்கும். ஆனால் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், காய் வெட்டும் நாளில் கிடைப்பவர்கள் மட்டை பொறுக்கும் நாளில் வருவதில்லை. தோப்பில் மட்டை மலிந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மூலையில் குவித்துத் தீ வைத்துவிடுகிறோம். ஒரு வருடத்துத் தழைச்சத்தும் ஈரமும் ஒரு மணி நேரத்தில் புகையாகிவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு கணக்கு உறைத்தது. ரேக் வாங்கும் எவரும் முதலில் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தென்னைக்கு மூடாக்கு போடும் முறையைப் பற்றி வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரை பழையது, எளிமையானது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில், இரண்டு மூன்று துண்டாக நறுக்கிய 15 மட்டைகளை இரண்டு அடுக்காகப் பரப்ப வேண்டும். மரம் வருடத்துக்கு உதிர்ப்பது 12. அதன் காலடிக்குத் தேவைப்படுவது 15. அப்படியென்றால் நம் தோப்பில் வெளியேற்ற வேண்டிய மட்டை என்று ஒன்றுமே இல்லை! நடைபாதையில் கிடப்பதை மரத்தடிக்கு நகர்த்தினால் வேலை முடிந்தது.

இது புரிந்ததும் எனக்குத் தேவையான ரேக்கின் உருவமே மாறிப்போனது. வாரி அள்ளி டிரெய்லரில் ஏற்றிப் போக வேண்டாம். எட்டு, பத்து அடி தள்ளினால் போதும். அதுவும் பக்கவாட்டில், இடமும் வலமும்.

பல்லைப் பிடித்துப் பாருங்கள்

டிராக்டரின் பின்னால் மாட்டும் ரேக்குகளில் நம் தோப்புகளுக்குப் பொருந்துவது, ஒரே சட்டத்தில் வளைந்த பற்களை வரிசையாகக் கோத்த தரை ரேக்தான். பார்க்க ஒரு பெரிய சீப்பு மாதிரி இருக்கும். டிராக்டரின் மும்முனை இணைப்பில் மாட்டி, பின்னால் இழுத்துப் போக வேண்டும். பி.டி.ஓ. சுழல்தண்டு தேவையில்லை, சுழலும் பாகமும் இல்லை. சட்டத்தைச் சாய்த்து வைத்தால் குப்பை ஒரு பக்கமாக ஒதுங்கி, நீளமான வரப்பு போலக் குவிந்துகொண்டே வரும்.

இந்த ரேக்கின் உயிர் அதன் பல். வாங்கப் போகிற இடத்தில் நான் இப்போது முதலில் செய்வது, ஒரு பல்லின் நுனியைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்து விடுவது. ஸ்பிரிங் எஃகாக இருந்தால் வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய இடத்துக்குத் துள்ளிப் போகும். அப்படித் துள்ளும் பல் கல்லில் முட்டினால் பின்வாங்கி மேலே ஏறிக் கடந்துவிடும், வேரில் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போகும். நான் முதலில் வாங்கிய ரேக்கில் இருந்தவை கட்டட வேலைக்கான முறுக்குக் கம்பியை வளைத்துச் செய்த பற்கள். அவை வளையாது. வளைந்தால் நிமிராது. எதில் முட்டினாலும் கிழித்துக்கொண்டுதான் போகும்.

பல்லின் பிடிமானத்தையும் பாருங்கள். ஒவ்வொரு பல்லும் போல்ட் போட்டுப் பொருத்தியிருக்க வேண்டும், வெல்டிங் வைத்திருக்கக் கூடாது. ஸ்பிரிங் எஃகுக்கு அந்தத் துள்ளல், அளவாகச் சூடேற்றிக் குளிரவைக்கும் பக்குவத்தில் வருவது. வெல்டிங் தீ பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கெட்டு, கொஞ்ச நாளில் அங்கேயே முறியும். நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். லாரிப் பட்டையை வெட்டிக் கலப்பைக் கொழு செய்து கொடுப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. நாம் கேட்டால் போல்ட் வைத்தே செய்து தருவார்கள். கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

போல்ட் வைத்த பல்லில் இன்னொரு வசதி உண்டு. ஆறடி ரேக்கில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பல் என்றால் 36 பல் இருக்கும். மாந்தோப்புச் சருகுக்கு அது சரி. தென்னை மட்டைக்கு அத்தனை வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றிவிட்டால் 18 பல், நாலு அங்குல இடைவெளி. மட்டையும் பாளையும் மாட்டும், மண்ணும் சிறுகல்லும் இடையில் நழுவி அங்கேயே தங்கிவிடும். ஒரே ரேக், இரண்டு வேலை.

தூக்கத் தெரியும், தாங்கத் தெரியாது

பல்லுக்கு அடுத்தது பின்சக்கரம். பலரும் கூடுதல் செலவு என்று தள்ளிவிடும் பாகம் இது. நானும் அப்படித்தான் தள்ளினேன்.

டிராக்டரின் ஹைட்ராலிக் கைகள் சுமையை மேலே தூக்கும். இறக்கும்போது கருவியின் எடைதான் அதைக் கீழே கொண்டுபோகிறது. உழவுக்கு ஏற்ற ஏற்பாடு இது. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் வடிவமைத்த மும்முனை இணைப்பு, 1939-ல் போர்டு 9என் டிராக்டரோடு பரவலானபோது அதன் குறி கலப்பைதான். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் வண்டிகள் மூலம் அவர் பெயர் நம் ஊர் வயல்களிலும் நின்றுவிட்டது. கலப்பை மண்ணுக்குள் இறங்க வேண்டும். ரேக்குக்கோ தரைக்கு மேலே மிதப்பதுதான் வேலை.

லிவரை ஒரு அளவில் நிறுத்தி ரேக்கைத் தொங்கவிட்டே ஓட்டலாமே என்று தோன்றும். சமதளக் களத்தில் ஓட்டலாம். தோப்பில் வட்டப்பாத்தி வரப்புகள் இருக்கின்றன. முன்சக்கரம் வரப்பில் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழும், பல் மண்ணில் குத்தும். முன்சக்கரம் இறங்கியதும் ரேக் மேலே எழும்பிக் குப்பையை விட்டுவிடும். சட்டத்துக்குப் பின்னால் உயரம் மாற்றக்கூடிய இரண்டு சக்கரங்கள் இருந்தால், லிவரை முழுதாக இறக்கிவிட்டு எடையை அந்தச் சக்கரங்கள் மேல் போட்டுவிடலாம். தரை ஏறினால் ரேக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும். பல்லின் நுனி தரையைத் தடவினால் போதும் என்ற அளவில் சக்கரத்தின் உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பல்லின் சாய்வைச் சரிசெய்ய, மேல் இணைப்புத் தண்டான டாப் லிங்க்கை நீட்டிச் சுருக்கலாம். முதல் வரிசையில் நூறடி ஓட்டி, இறங்கிப் பார்த்து, மறுபடி திருத்துங்கள். கீறல் தெரிந்தால் இன்னும் இறக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அகலத்தில் பேராசை வேண்டாம். பின்டயர்களின் வெளி அகலத்தைவிட ரேக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் குப்பையை மிதித்து மண்ணில் அமுக்கும். அதேசமயம், சாய்த்து ஓட்டும்போது அகலம் குறையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறடி ரேக்கை 30 டிகிரி சாய்த்தால் கிடைப்பது சுமார் ஐந்தேகால் அடி. 20, 25 குதிரைத்திறன் மினி டிராக்டருக்கு ஐந்து முதல் ஆறடி தாராளம். என்னுடைய ஏழடி ரேக்கைத் தூக்கியபோது வண்டியின் முன்சக்கரம் கனமில்லாமல் மிதந்தது. வளைவில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கவில்லை. அது ஆபத்து.

இணைப்புப் பின்னையும் அளந்துவிடுங்கள். சிறு டிராக்டர்களில் பெரும்பாலும் கீழ்க் கைகளுக்கு 22 மில்லிமீட்டர், டாப் லிங்க்குக்கு 19 மில்லிமீட்டர். பெரிய வண்டிகளுக்கு 28, 25. அளவு மாறினால் மாட்டவே மாட்டாது, அல்லது லொடலொடவென்று ஆடும். புஷ் போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், வாங்கும் முன் தெரிந்திருந்தால் இரண்டாவது தடவை அலைய வேண்டியதில்லை.

மற்ற மரங்களுக்கு, மற்ற ரேக்

தென்னையை வைத்தே பேசிவிட்டேன். சருகு மட்டும் விழும் தோப்புகளுக்கு வேறொரு கருவி இன்னும் நன்றாக ஒத்துவரும். சட்டத்தில் நாலைந்து பெரிய சக்கரங்கள் சாய்வாக நிற்கும். சக்கரத்தைச் சுற்றி விரல் விரலாகக் கம்பிகள். டிராக்டர் நகர்ந்தால் தரை உராய்வில் சக்கரங்கள் தாமாகச் சுழன்று, சருகைக் கைமாற்றிக் கைமாற்றி ஓரத்துக்கு ஒதுக்கும். நெதர்லாந்தில் லேலி சகோதரர்கள் 1948-ல் தொடங்கிய நிறுவனம் இந்த விரல் சக்கர ரேக்கை வைத்துத்தான் பெயர் பெற்றது. வைக்கோலையும் கரும்புச் சோகையையும் கட்டும் இயந்திரத்துக்கு முன்னால் வரிசையாக்கிக் கொடுக்க இது அருமையான கருவி. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேடு பள்ளத்துக்கு ஏற்ப மிதப்பதால் மண்ணைக் கிளறாது. ஆனால் இதைத் தென்னை மட்டையின் மேல் விட்டுவிடாதீர்கள். அடித்தண்டு விரல்களுக்கு இடையில் புகுந்து முறுக்கிவிடும்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கொட்டை உதிரும் கோடைக்கு முன் மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லையென்றால் சருகுக்குள் விழுந்த கொட்டை கண்ணில் படாது. அங்கே சிக்கல் வேறு: முந்திரியின் கிளை தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருக்கும். டிராக்டர் உள்ளே நுழையாது. மேல்நோக்கி நிற்கும் சைலன்ஸர் கிளையை உடைக்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் ரேக்கை ஓட்டிவிட்டு, மரத்தடியைக் கையால் கூட்டி அந்த வரிசையில் சேர்ப்பதே நடக்கிற காரியம். முழுக்க இயந்திரத்தால் முடியும் என்று யாராவது சொன்னால், அவர்களை உங்கள் மரத்தடிக்கே அழைத்துக் காட்டுங்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஆறு அங்குலத்துக்கு மேல் இடைவெளிவிட்டுத் தடித்த பற்கள் வைத்த வேர் ரேக். முன்பக்க லோடரில் மாட்டுவது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி எங்கும் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துப் போட்டதே, அப்படிப்பட்ட நாளுக்கான கருவி அது. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் அதிலேயே குடியேறி, தப்பிநிற்கும் மரங்களுக்கும் ஏறும். தண்டையும் வேர்க்கட்டையையும் சீக்கிரம் அப்புறப்படுத்த அந்தப் பற்கள் வேண்டும். அன்றாடச் சருகுக்கு அது வேண்டாம்.

டியூபை என்ன செய்வது?

சொட்டுநீர் போட்ட தோப்பில் ரேக் ஓட்டக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். ஓட்டலாம், டியூபுக்கு வழி செய்துவிட்டு. எங்கள் தோப்பில் ஒவ்வொரு வரிசையின் பக்கக் குழாயையும் மரத்தை ஒட்டியே இழுத்துக் கட்டினோம். ரேக் போகும் நடுப்பாதையைக் குறுக்கே எந்த டியூபும் கடப்பதில்லை. கடந்தே தீர வேண்டிய இரண்டு இடங்களில் பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிட்டோம். மெயின் லைன் வால்வுகளுக்குப் பக்கத்தில் ஆளுயரக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். ஓட்டுகிறவர் பின்னால் திரும்பி ரேக்கைப் பார்த்துக்கொண்டே போவார். முன்னால் இருப்பது தெரிய வேண்டுமல்லவா?

வட்டப்பாத்திக்குள் ரேக் போகவே கூடாது. உணவு தேடும் வேர்களில் பெரும்பங்கு மரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கிறது. பாத்தியின் விளிம்புவரை கொண்டுவந்து விடுவது ரேக்கின் வேலை. உள்ளே அடுக்குவது கையின் வேலை.

மட்டையை ஓட்டத்துக்கு முன் இரண்டு மூன்றாக நறுக்கிப் போட்டுவிடுங்கள். முழு மட்டை ரேக்கின் குறுக்கே மாட்டினால் நெம்புகோலாக மாறிச் சட்டத்தையே தூக்கும். அடித்தண்டை விறகுக்கு ஒதுக்குபவர்கள் அப்போதே ஒதுக்கிவிடலாம். காயை முன்னாடியே பொறுக்கிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்த மறுநாள் ஓட்டாதீர்கள். சருகோடு சேறும் வரும், டயர் மண்ணை இறுக்கும். பனி லேசாக உலர்ந்த காலை நேரம் நல்லது. தூசு பறக்காது, சருகும் நொறுங்காது. நடையைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம் போதும். நெடுநாள் கிடந்த குவியலில் கை வைக்கும் முன் நீளக் கம்பால் கிளறுங்கள், காலில் பூட்ஸ் இல்லாமல் யாரையும் அருகே விடாதீர்கள். கண்ணாடி விரியன் விரும்பித் தங்கும் இடம் அது.

மீந்துபோகிற பாளை, பன்னாடை, குரும்பையைக் குவித்து ஈரமாக மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அந்தக் குவியலுக்கு மெட்டாரைசியம் பூஞ்சாணம் தெளிப்பதை விட்டுவிடக் கூடாது. பொடியாக்கும் மிஷின் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. ரேக் வரிசையாக்கி வைத்த குப்பையின் முனையில் அதை நிறுத்தினால் அன்றே வேலை முடியும். பொடியான ஓலையை மண்புழு உரமாக்கும் முறையைக் காசர்கோடு மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் நன்றாக வகுத்துக் கொடுத்திருக்கிறது.

மூன்று ஏக்கருக்கும் குறைவாக இருந்தால் தனியாக ரேக் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு இருபத்தொன்பது நாள் துருப்பிடிக்கும். பக்கத்துத் தோப்புக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் உண்டா என்று விசாரியுங்கள். மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், பட்டியலில் உள்ள பல கருவிகளுக்குச் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவிகிதம், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் என்று உச்சவரம்போடு மானியம் தருகிறார்கள். வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது.

நான் அந்த ஏழடி ரேக்கைப் பட்டறைக்கே கொண்டுபோனேன். சட்டத்தை ஐந்தரை அடிக்குக் குறைத்து, கம்பிப் பற்களை வெட்டி எறிந்து, ஸ்பிரிங் பற்களைப் போல்ட் வைத்து மாட்டி, பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்தோம். இடமும் வலமும் சாய்க்க நடுவில் ஒரு துளைத் தட்டும் பின்னும். அது திரும்பி வந்த நாளில் என் சித்தப்பா ரேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பல்லை இழுத்து விட்டார். டிங் என்று துள்ளிப் போய் நின்றது. "இப்பத்தான்டா தம்பி இது தென்னைக்குப் பழகுன மாடு மாதிரி இருக்குது" என்றார்.

போன வாரம் மூன்றாவது வரிசைக்குப் போனேன். டியூப் கிழிந்த அன்று வேர் அறுபட்டுத் தொங்கிய அதே மரம். பாத்தியில் அடுக்கியிருந்த மட்டைத் துண்டு ஒன்றைப் புரட்டினேன். அடிப்பக்கம் கறுத்து, ஈரமாய், விரல் பட்டால் பொடியாகும் பதத்தில் இருந்தது. அதற்கும் மண்ணுக்கும் நடுவில், நூல் கனத்தில் புதிய வேர்கள் மேலே ஏறி வந்திருந்தன, நுனி வெள்ளையாக. துண்டை எடுத்த இடத்திலேயே மெல்ல மூடிவைத்துவிட்டு வந்தேன்.